கட்டை விரலும் ஃபேன் பெல்ட்டும்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினின் தோல் வார் ஐப்பசி பிறந்தாலே தளர்ந்துவிடும். கடலூர் மழைக்காற்றில் ஈரம் ஏறித் தோல் நீண்டுவிடும். அம்மா மிதிப்பார், கீழே பெரிய சக்கரம் சுற்றும், மேலே ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். வாரைக் கழற்றி, கம்பிக் கொக்கியைக் குறடால் விரித்து, நுனியில் அரை விரற்கடை வெட்டி, ஆணியால் புது ஓட்டை போட்டு மாட்டுவார். ஒருமுறை அந்த வேலையை நான் செய்தேன். அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறதே என்று ஒரு அங்குலத்தைச் சேர்த்தே வெட்டிவிட்டேன். இழுத்துப் பிடித்து மாட்டியும் விட்டேன். மிஷின் ஓடியது, ஆனால் மிதிப்பது மணலில் சைக்கிள் மிதிப்பதுபோல இருந்தது. இரண்டாம் நாள் கொக்கி தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது.

கார் எஞ்சினில் ஓடும் ஃபேன் பெல்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்தத் தையல் மிஷினிலேயே இருக்கிறது. மீதிக் கால்வாசியை இங்கே சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டுக்கு கிராங்க் ஷாஃப்ட் என்று பெயர். அதன் ஒரு முனை கியர் பாக்ஸ் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. மறுமுனையில் ஒரு புல்லி, அதாவது பெல்ட் ஓடும் பள்ளம் வைத்த சக்கரம். அந்தப் புல்லியில் மாட்டிய ரப்பர் பெல்ட்தான் வண்டியின் மற்ற வேலையாட்களை எல்லாம் ஓட்டுகிறது: பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ, எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிடும் வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரசர், சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்ப். டைனமோ என்று நான் சொல்வது ஆல்டர்னேட்டரை. கடலூரிலும் பாண்டியிலும் எந்தப் பட்டறையிலும் அதை ஆல்டர்னேட்டர் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதேபோல, பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் இப்போது மின்சார மோட்டாரில் தனியாகச் சுற்றுகிறது. இருந்தும் பெல்ட்டுக்கு ஃபேன் பெல்ட் என்ற பெயர் போகவில்லை.

இந்த வேலைகளெல்லாம் சில்லறை வேலைகள் என்று நினைக்க வேண்டாம். 60 ஆம்பியர் டைனமோ முழுச் சுமையில் ஓடினால், வீட்டுக் கிணற்றில் போடும் 1 எச்.பி. மோட்டாரைவிடக் கூடுதலாகவே இழுக்கும். ஏ.சி. கம்ப்ரசர் அதையும் மிஞ்சும். அத்தனை பாரமும் விரல் அகல ரப்பரின் பிடியில் இருக்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை, பல் இல்லை. உராய்வு மட்டும்தான்.

அந்த உராய்வு எங்கிருந்து வருகிறது? முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரை அணையும்போது பாருங்கள். எறிந்த கயிற்றைக் கரையில் இருப்பவர் முளையில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். அந்தப் பக்கம் டன் கணக்கில் எடையுள்ள படகு கயிற்றை விண்ணென்று இழுக்கிறது. இந்தப் பக்கம் அவர் ஒரு கையால் சும்மா பிடித்திருக்கிறார், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சும் நடக்கிறது. அந்த ஒரு கைப் பிடியை அவர் முழுசாக விட்டுவிட்டால் கயிறு வழுக்கி ஓடிவிடும். ஆக, இழுக்கும் பக்கம் எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தளர்ந்த பக்கத்தை எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்பது ஒன்று. முளையைக் கயிறு எவ்வளவு தூரம் தழுவியிருக்கிறது என்பது மற்றொன்று. 18-ம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பெல்ட் பொறியியல் இன்றும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

எஞ்சின் ஓடும்போது பெல்ட்டிலும் இதேபோல ஒரு பக்கம் இழுபக்கம், மறுபக்கம் தளர்பக்கம். எஞ்சின் நின்றிருக்கும்போது நாம் ஏற்றி வைக்கும் இறுக்கம்தான் கரையில் இருப்பவரின் அந்த ஒரு கைப் பிடி. அது குறைந்தால் பெல்ட் வழுக்கும். முதலில் வழுக்குவது பெரும்பாலும் டைனமோ புல்லியில்தான். காரணம், அது இருப்பதிலேயே சிறியது. கிராங்க் புல்லியைவிட இரண்டு இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காகவே அதைச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். சிறிய புல்லியைப் பெல்ட் தழுவும் தூரமும் குறைவு.

பழைய வண்டிகளின் பெல்ட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகலம், கீழே குறுகல். இதற்கு வி பெல்ட் என்று பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் 1917-இல் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் மதுரை கோச்சடை ஃபென்னர் ஆலையால் ஊர் ஊராகத் தெரிந்த பொருள். விறகு பிளக்கும் ஆப்பு மரத்துக்குள் இறங்கி இரண்டு பக்கமும் நெருக்குமே, அதுபோல இந்தப் பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு பக்கச் சுவர்களையும் நெருக்குகிறது. அதனால் தட்டைப் பெல்ட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிடி கிடைக்கிறது. குறைந்த இறுக்கத்திலேயே வேலை நடந்துவிடுகிறது. அதுதான் இதன் பெருமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிப்பது பக்கங்கள், பெல்ட்டின் அடிப்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. புல்லியின் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தரை மங்கலாக, தூசியோடு இருந்தால் நல்லது. பெல்ட் தேய்த்துத் தேய்த்துத் தரை கண்ணாடிபோலப் பளபளத்தால் ஆப்பு அடியில் போய் முட்டிவிட்டது என்று பொருள். இனி எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பெல்ட்டோ, புல்லியோ, இரண்டுமோ மாற்ற வேண்டிய நேரம்.

"பெல்ட் நீண்டுவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். உள்ளே பாலியஸ்டர் நூல்கள் ஓடுகின்றன. புதிதாக மாட்டிய சில நாள் கொஞ்சம் நீளும், அதன்பின் அவ்வளவாக நீளாது. பெரும்பாலும் நடப்பது தேய்மானம். பள்ளம் சாய்வாக இருப்பதால், பக்கத்துக்கு 0.3 மி.மீ. தேய்ந்தாலே பெல்ட் பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. இறங்கிவிடும். எல்லாப் புல்லிகளிலும் அவ்வளவு இறங்கினால் பெல்ட் சுற்றிவரும் பாதை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் சுருங்குகிறது. பாதை சுருங்கினால் பெல்ட் நீண்டதுபோலத்தானே? நகத்தால் கீறினால் போகும் அளவு ரப்பர் போனது, பெல்ட் தொளதொளவென்று ஆகிவிட்டது.

தளர்ந்த பெல்ட் உடனே சொல்லிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கிறீச்சல். இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட்டர் வேறு பேட்டரியை உறிஞ்சியிருக்கும், அதை நிரப்ப டைனமோ முழு மூச்சாக இழுக்கும். அந்த நேரத்தில் பெல்ட் வழுக்கும். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். அப்புறம் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் சேர்த்துப் போட்டால் கிறீச்சும். பின்பு மழையில் கிறீச்சும். ஒருநாள் இரவு லைட் மங்கும், மீட்டர் பலகையில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். "பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் வெந்து, அதன் தலைப்பகுதிக்கு அடியில் ஒழுகாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் தகடு போகும். அதற்கு ஆகும் செலவில் ஆயுசுக்கும் வேண்டிய பெல்ட் வாங்கி வைக்கலாம்.

தளர்வைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதன் எதிர்ப்பக்கத்தை.

அப்பாவிடம் வாடகைக்கு ஓடும் அம்பாசடர் ஒன்று இருந்தது. அதில் பெல்ட் ஒரே முக்கோணம்: கீழே கிராங்க் புல்லி, மேலே வாட்டர் பம்பும் அதன் முகத்தில் ஃபேனும், ஓரமாக டைனமோ. பெல்ட் படிக்க இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது. பாண்டியில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன அன்று தவளக்குப்பம் தாண்டியதிலிருந்தே கிறீச் கிறீச்சென்று ஒரே கத்தல். வண்டியில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வழக்கமான மேஸ்திரி கடலூரில். வழியில் தென்பட்ட ஒரு பட்டறையில் நிறுத்தினார் அப்பா. அங்கிருந்த பையன் டைனமோ போல்ட்டைத் தளர்த்தினான், ஒரு நீளக் கடப்பாரையைச் சொருகினான், உடம்பு முழுதும் சாய்ந்து நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினான். பெல்ட் கம்பிபோல நின்றது.

"இனிமே சத்தமே வராதுண்ணே."

வரவில்லைதான். ஒரு மாதம் அவ்வளவு சுகமாக ஓடியது. பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாக ஒழுகி நமக்குத் தகவல் சொல்வதற்காகவே வைத்தது. அந்தத் துளையிலிருந்து காவி நிறத்தில் ஒரு கோடு. முதுநகர் மேஸ்திரி ஃபேனின் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார், ஆடும் பல்லைப்போல ஆடியது. டைனமோவில் காதை வைத்துக் கேட்டால் "ஊ" என்று ஒரு முனகல். பம்ப் ஒன்று, டைனமோ பேரிங் ஒரு செட். அந்த மாதம் வீட்டில் எதெல்லாம் தள்ளிப்போனது என்பது வேறு கதை.

மேஸ்திரி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "யாருய்யா இதுக்கு வீணைக் கம்பி கட்டுனது?"

அவர் கேலியாகச் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெல்ட்டின் இழுப்பு முழுவதையும் தாங்குவது புல்லிக்குப் பின்னால் உள்ள பேரிங். உள்ளே குண்டுகள் உருளும் பால் பேரிங்கின் ஆயுள், அதன்மேல் வரும் பாரத்தின் மும்மடிக்கு எதிராகக் குறையும். பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். தளர்ந்த பெல்ட் பெல்ட்டையே தின்னும், போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே தின்னும். அதிகம் இறுகிய பெல்ட் வாயே திறக்காமல் பம்பையும் டைனமோவையும் தின்றுவிடும். எது விலை குறைந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் அந்தக் கடப்பாரையைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே 300 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் விரலால் அழுத்திப் பெல்ட்டை 10 மி.மீ. உள்ளே தள்ள, பெல்ட் நீளத்தில் முக்கால் மில்லிமீட்டர்கூட உபரி தேவையில்லை. அதாவது டைனமோவைப் பாக்குத்தூள் அளவு நகர்த்தினாலே இறுக்கம் எங்கோ போய்விடும். அவ்வளவு நுணுக்கமான வேலைக்கு நான்கடிக் கடப்பாரை எதற்கு? அப்பா அதன்பின் உடைந்த மண்வெட்டிப் பிடி ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தார். மரம் என்பதால் அலுமினிய உடம்பை நசுக்காது, குட்டை என்பதால் அளவுக்கு மேல் நெம்பவும் வராது.

சரி, எவ்வளவு இறுக்கம்தான் சரி? வி பெல்ட்டில் இருப்பதிலேயே நீளமான இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். அதன் நடுவில் கட்டை விரலால் சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுங்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் இதற்கு ஒரு எண் இருக்கும், அதுதான் வேதம். சிறிய கார்களில் 6 முதல் 9 மி.மீ. என்ற மாதிரி இருக்கும். இடைவெளி நீளமாக உள்ள வண்டிகளில் 10, 12 என்று போகும். கையேடு கரையான் தின்றுவிட்டது என்றால், சுமாராக ஒரு விரல் மொத்தத்துக்குக் கீழே என்று வைத்துக்கொண்டு, தெரிந்த மேஸ்திரியிடம் உங்கள் வண்டிக்கான அளவைக் கேட்டு எழுதிவையுங்கள்.

10 கிலோ அழுத்தம் என்றால் எவ்வளவு என்பதுதான் ஆரம்பக்காரர்களுக்குப் பிரச்சினை. அதற்கு ஒரு வீட்டு வழி: உடம்பு எடை பார்க்கும் மிஷினை மேசைமேல் வைத்து, கட்டை விரலால் மட்டும் அழுத்தி 10 வரும்வரை கொண்டுபோங்கள். முதல் தடவை எல்லோரும் ஐந்திலேயே நிறுத்திவிடுவார்கள். பத்து என்பது நாம் நினைப்பதைவிட அதிகம், விரல் நகம் வெளுக்கும். ஐந்தாறு தடவை செய்தால் விரலுக்கு மனப்பாடமாகிவிடும். மேஸ்திரிகள் ஒரு தொடுதலில் "கொஞ்சம் லூசு" என்று சொல்வதும் இந்த மனப்பாடம்தான், என்ன, அவர்கள் இருபது வருஷம் பயின்றது. அமுங்கும் அளவைக் கண்ணால் ஊகிக்காமல், இரண்டு புல்லிகளின்மேல் படும்படி ஒரு நீள ஸ்கேலை வைத்து, அதற்கும் அமுங்கிய பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை இன்னொரு சின்ன ஸ்கேலால் அளந்தால் தகராறே இல்லை.

தொழிற்சாலைகளில் இதையே காதால் செய்கிறார்கள். தவில்காரர் வாரை இழுத்துக் கட்டிவிட்டுத் தட்டிப் பார்ப்பதுபோல, பெல்ட்டைச் சுண்டிவிட்டு அது எத்தனை ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று கருவியால் அளப்பார்கள். இறுக்கம் இரண்டு மடங்கானால் சுருதி 1.4 மடங்கு ஏறும். கைபேசிச் செயலிகள்கூட வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் பெல்ட்டுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வீட்டுக்குக் கட்டை விரல் போதும்.

இறுக்கும் வேலைக்கு வருவோம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூடு காரணமாக ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், விரலை அங்கே கொண்டுபோகாதீர்கள். தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த வேட்டி நுனி எதுவும் ஆகாது. டைனமோவின் பின்னால் உள்ள தடித்த வயர் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் எப்போதும் இருக்கிறது. ஸ்பேனர் அதிலும் பாடியிலும் சேர்ந்து பட்டால் தீப்பொறி பறக்கும். அதனால் முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

டைனமோ கீழே ஒரு போல்ட்டைக் கீலாகக் கொண்டு தொங்குகிறது. மேலே நீளத் துவாரம் உள்ள ஒரு பட்டையில் இன்னொரு போல்ட். இரண்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். மரப்பிடியை டைனமோவின் முன்பக்க உடம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். பின்பக்கத்தில் நெம்பினால் மெல்லிய அலுமினியம் விண்டுவிடும். இறுக்கம் சரியாக இருக்கும் நிலையிலேயே மேல் போல்ட்டைப் பிடியுங்கள், பிறகு கீழ் போல்ட்டை. போல்ட்டை இறுக்கும்போது டைனமோ கொஞ்சம் நகரும் என்பதால் கடைசியில் மறுபடியும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் "நேத்துதானே டைட் பண்ணேன்" என்று மறுநாள் நிற்கிறார்கள். சில வண்டிகளில் நெம்பவே தேவையில்லை, திருகுவதற்கென்று ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அது புண்ணியவான்கள் செய்த எஞ்சின்.

புதுப் பெல்ட் என்றால் வேலை அன்றோடு முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி அது பள்ளத்தில் உட்கார்ந்ததும் ஆறவிட்டு ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதன்பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.

அண்மைக்கால வண்டிகளில் வி பெல்ட்டுக்குப் பதில் அகலமான, உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக உள்ள பெல்ட் வருகிறது. முதுகில் 6பிகே1040 என்ற மாதிரி அச்சிட்டிருக்கும்: 6 வரிகள், 1040 மி.மீ. நீளம். இதற்குப் பெரும்பாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க, ஸ்பிரிங் வைத்த தானியங்கி டென்ஷனர் உண்டு. பெல்ட் தேயத் தேய அதுவே பிடித்துக்கொள்ளும். அங்கே போய்க் கட்டை விரல் பரீட்சை வைத்தால் ஸ்பிரிங்தான் அமுங்கும், ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியது டென்ஷனரின் உடம்பில் உள்ள குறி. இரண்டு கோடுகளுக்கு இடையே முள் இருந்தால் நல்லது, கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் பெல்ட் மாற்ற வேண்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது டென்ஷனரின் கை பதறினால் அதன் ஸ்பிரிங்கோ, அதிர்வை அடக்கும் தணிப்பானோ தளர்ந்துவிட்டது. இந்தப் புதுவகை ரப்பர் பழைய பெல்ட்டைப்போல எளிதில் வெடிக்காது, வரிகளின் பள்ளம் தேய்ந்து அகலமாகும். வெடிப்பு இல்லை, ஆகவே நல்ல பெல்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கிறீச்சலுக்கு இறுக்கம்தான் மருந்து என்ற எண்ணத்தை விட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். எல்லாச் சத்தமும் தளர்ச்சியால் வருவதில்லை. செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, எஞ்சின் சும்மா ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் பீய்ச்சுங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். சத்தம் நின்று, காய்ந்ததும் 'கிச் கிச்' என்று திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஏதோ ஒன்று கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை எவ்வளவு இறுக்கினாலும் தீராது, பேரிங்தான் போகும்.

சத்தத்துக்குச் சோப்பு தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மெழுகுவத்தி தேய்ப்பவர்களையும். மாவு மில்லில் ஓடும் பெல்ட்டுக்கு மெழுகுக் கட்டியைக் காட்டுவார்களே, அதைப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். மில்லில் இருப்பது தட்டையான பெல்ட். ஒட்டுவதற்கென்றே செய்த மெழுகு அது. நம் வி பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் சத்தம் போகும், கூடவே பிடியும் போகும். வழுக்கல் சத்தமில்லாமல் தொடரும். ஆயிலோ கூலண்ட்டோ ஒழுகிப் பெல்ட்டில் பட்டிருந்தாலும் இதே கதைதான். ஒழுகலை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை மாற்றுங்கள்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. தேவனாம்பட்டினம் பக்கமோ, பாண்டியில் குருசுக்குப்பம் பக்கமோ வாசலில் நிறுத்தும் வண்டியை ஒரு வாரம் எடுக்காமல் இருந்து பாருங்கள். உப்புக் காற்றில் புல்லியின் பள்ளத்தில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்கும். அதன்மேல் பெல்ட் ஓடுவது உப்புத்தாளில் ஓடுவது மாதிரி. அடுத்த நாள் பெல்ட்டைச் சுற்றிக் கருப்பு மாவு சிதறியிருக்கும். வண்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டுவதே போதும். துரு தடித்துவிட்டால் பெல்ட்டைக் கழற்றிப் பள்ளத்தை நைசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். புதுப் பெல்ட் மாட்டும்போது இதைச் செய்யாமல் மாட்டுவது புது வேட்டியைச் சேற்றில் விரிப்பதற்குச் சமம். வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் இப்படித்தான். 2015-ல் கடலூரில் தண்ணீரில் மாட்டிய வண்டிகளில் பார்த்தோம், வண்டல் பள்ளத்துக்குள் போய்க் காய்ந்து மணல் காகிதமாகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. பல எஞ்சின்களில் பிளாஸ்டிக் மூடிக்குள் இன்னொரு பெல்ட் ஓடுகிறது, உள்பக்கம் பல் வைத்தது. அது டைமிங் பெல்ட். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பிஸ்டனோடு கோத்து வைத்திருப்பது அதுதான். அதற்கும் இறுக்கம் உண்டு, ஆனால் அது கட்டை விரல் வேலையே அல்ல. ஒரு பல் தவறினால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் ஆனதும், கத்துகிறதோ இல்லையோ, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும். ஸ்கூட்டரில் உள்ள பெல்ட்டும் வேறு சாதி. அது வேகத்துக்கு ஏற்பப் புல்லியே விரிந்து சுருங்கும் ஏற்பாடு, அங்கே இறுக்குவதற்கு ஒன்றும் இல்லை.

பெல்ட் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. கார்களில் வருவது பெரும்பாலும் மேல் அகலம் 10 மி.மீ. உள்ள வி பெல்ட். பம்ப்செட் கடையில் கிடைக்கும் ஏ ரக பெல்ட் 13 மி.மீ. அகலம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாட்டினால் பள்ளத்தில் இறங்காமல் மேலே உட்காரும். திருப்பாப்புலியூரில் அவசரத்துக்கு ஒருவர் அப்படி வாங்கி மாட்டி, அது கொஞ்ச தூரம் ஓடும் முன்னாலேயே புல்லியை விட்டு எகிறியதை நேரில் பார்த்தேன்.

கழற்றிய பெல்ட் வெடிக்காமல் இருந்தால் எறியாதீர்கள். அப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றி ஸ்டெப்னிக்கு அடியில் வைத்திருப்பார். ஒரு தை மாத இரவு முள்ளோடையில் டீசல் போட்டுக்கொண்டு வரும்போது ரெட்டிச்சாவடி அருகே பெல்ட் அறுந்தது. பழைய பெல்ட் கையில் இருந்தது. டைனமோ போல்ட்டுக்குச் சேரும் ஸ்பேனர்தான் இல்லை, அதை முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளுக்கு வாங்கிப் போயிருந்தார். விடியும்வரை வண்டியிலேயே தூங்கினோம்.